துபாய் 2,950 கி.மீ., சிங்கப்பூர் 2,950 கி.மீ... நடுவில் எங்கள் விருத்தாசலம்!

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் தினமும் காலையில் ஒரு பட்டியல் வரும். முந்தைய நாள் மக்கள் இணையத்தில் எதையெல்லாம் தேடினார்கள் என்ற பட்டியல். தங்கம் விலை, பள்ளி விடுமுறை, புதுப்பட விமர்சனம் என்று போகும் அந்த வரிசையில், இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது ஒரு கேள்வி தலைகாட்டிவிடும். 'சென்னை டு துபாய் எத்தனை கிலோமீட்டர்? விமானத்தில் எவ்வளவு நேரம்?' ஊர்ப் பெயர்தான் மாறும், கேள்வி மாறாது. "முந்நூறு வார்த்தையில ஒண்ணு தட்டிடுப்பா" என்பார் சீனியர். பத்து நிமிட வேலை. 2,900 கி.மீ. சொச்சம், நாலு மணி நேரம் சொச்சம். முடிந்தது.

கடைசியாக அந்தக் கேள்வி வந்தபோது நான் விருத்தாசலத்தில், எங்கள் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். ஷார்ஜாவில் டைல்ஸ் ஒட்டும் வேலை பார்க்கும் சித்தப்பா, லீவு முடிந்து மறுநாள் கிளம்புகிறார். அவரை ரயிலேற்றிவிடத்தான் நானும் ஊருக்கு வந்திருந்தேன். உள்ளே சித்தி முறுக்கையும் முந்திரியையும் பெட்டியில் அடுக்கி, பழைய தராசில் தொங்கவிட்டு எடை பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல 'சென்னை' என்று தட்டப்போன கை நின்றது. சித்தப்பா சென்னையிலிருந்தா கிளம்புகிறார்? இந்த வாசலிலிருந்துதானே கிளம்புகிறார்! சும்மா ஒரு விளையாட்டாக, விருத்தாசலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் போட்டு துபாய்க்கு நேர் தூரம் கணக்கிட்டேன். சுமார் 2,950 கி.மீ. என்று வந்தது. எதிர்வீட்டு அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், அதையும் பார்ப்போமே என்று போட்டேன். அதுவும் சுமார் 2,950 கி.மீ.!

தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மூன்று முறை சரிபார்த்தேன். சில கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கலாமே தவிர, கணக்கு மாறவில்லை. மேற்கே துபாய், கிழக்கே சிங்கப்பூர். இந்த ஊரிலிருந்து பிழைக்கப் போகிறவர்கள் அதிகம் பேர் இறங்குகிற இரண்டு நகரங்களும் எங்களுக்குச் சம தூரம். விமான நிலையமே இல்லாத ஊருக்கு இப்படி ஒரு பெருமை!

"தாத்தா, துபாயும் சிங்கப்பூரும் நமக்கு ஒரே தூரம், தெரியுமா?" என்றேன். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த தாத்தா திரும்பிப் பார்த்தார். அவருக்கு 80 வயதாகப் போகிறது. பீங்கான் சூளையில் சரக்கு அடுக்கியே முதுகு வளைந்தவர்.

"தூரம் கிடக்கட்டும். எத்தன மணிக்குப் போய்ச் சேருவான்?"

அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒருமுறை உடனே சொல்லி, தப்பாகிப்போனது.

"நாலு மணி நேரம்தான் தாத்தா!"

2017. நான் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை நாலரை மணிக்கு ஆயா இறந்துபோனார். ஐந்து மணிக்கு ஷார்ஜாவுக்குப் போன் போனது. அங்கே அப்போது மணி மூன்றரை.

எங்கள் பக்கத்தில் அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது மூத்த மகன், அம்மாவுக்கு இளைய மகன். அதாவது, ஆயாவுக்குச் சித்தப்பாதான் வைக்க வேண்டும். "சின்னவன் எத்தன மணிக்குடா வருவான்?" என்று தாத்தா கேட்டபோது, அந்தக் கூட்டத்தில் ஸ்மார்ட்போன் வைத்திருந்த பையன் நான்தான். தேடிப் பார்த்து, பெருமையாகவே சொன்னேன். "துபாய்லேருந்து சென்னைக்கு நாலு மணி நேரம்தான் தாத்தா. மத்தியானத்துக்குள்ள வந்துடுவாரு."

அதை நம்பி, பெரியவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பது என்று முடிவு செய்தார்கள். மேளத்துக்கும் பூப்பல்லக்குக்கும் சொல்லிவிட்டார்கள்.

அங்கே நடந்தது வேறு. அப்போது ஐக்கிய அரபு அமீரகத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். (2022-லிருந்துதான் அது சனி, ஞாயிறாக மாறியது.) சித்தப்பாவின் பாஸ்போர்ட் அவர் கையில் இல்லை, கம்பெனி லாக்கரில் இருந்தது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வது அங்கே சட்டப்படி கூடாது. ஆனாலும் கட்டட வேலைக்குப் போன பலரின் பாஸ்போர்ட் அப்படித்தான் இருந்தது. விடுமுறை நாளில் லாக்கர் சாவி வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்து, அவர் வந்து திறந்து கொடுத்தபோது அங்கே நண்பகல் 12 மணி. நமக்கு மதியம் ஒன்றரை. சித்தப்பா இன்னும் ஷார்ஜாவிலேயே இருந்தார்.

ஃப்ரீசர் பாக்ஸ் எடுத்தாகிவிட்டது, ஒரு ராத்திரி வைத்திருக்க முடியும். ஆனால் மறுநாள் சனிக்கிழமை. 'சனிப் பொணம் தனிப் போகாது' என்று ஊரில் ஒரு சொல் இருக்கிறது. ஆயாவின் அண்ணன் அதைச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை. நாலேகாலுக்கு சித்தப்பா போன் செய்தார். "உள்ள கூப்புடுறாங்க, ஏறப்போறேன். வந்துடுறேன், வெச்சிருங்க" என்று சொல்லிக் கட் ஆனது. அப்பா விரல்விட்டுக் கணக்குப் போட்டார். விமானம் நாலு மணி நேரம், அங்கிருந்து கார் ஐந்து மணி நேரம். எப்படிப் பார்த்தாலும் நடுராத்திரி தாண்டிவிடும்.

ஐந்தரைக்கு எடுத்தார்கள். ஆறரை மணிக்கு சுடுகாட்டில் கொள்ளி வைத்தது அப்பா. அந்த நேரம் சித்தப்பாவின் விமானம் அரபிக்கடலின் மேல் எங்கோ இருந்திருக்கும். போன் போகாது.

விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கியபோது இரவு 8.45. வெளியே வர ஒரு மணி நேரம். வாடகைக் கார், வெள்ளிக்கிழமை இரவு, தாம்பரம் தாண்டவே பொறுமை போய்விடும் நெரிசல். வீட்டு வாசலில் கார் நின்றபோது மணி 2.45. நாங்கள் போன் செய்த நேரத்திலிருந்து எண்ணினால் 21 மணி 45 நிமிடம். அதில் வானத்தில் கழிந்தது நாலு மணி நேரம்.

மறுநாள் காலை பால் தெளிக்கப் போனபோது சித்தப்பா என் தோளில் கைபோட்டு நடந்தார். யாரோ சொல்லியிருப்பார்கள்போல. "நாலு மணி நேரம்னு நீ சொன்னது சரிதாண்டா" என்றார். "பிளேனுக்குள்ள நாலு மணி நேரம்தான்."

சூளைக்கணக்கு

இதையெல்லாம் கேட்டுவிட்டு, விருத்தாசலத்தை வெறும் சோக ஊராக நினைத்துவிடாதீர்கள். பீங்கான் தொழிற்பேட்டைக்குள் ஒரு நடை வந்து பாருங்கள். ஒரு ஷெட்டில் அகல் விளக்கு, அடுத்ததில் கொலு பொம்மை, இன்னொன்றில் மின்கம்பத்துக்கான இன்சுலேட்டர். வெளியே வெயிலில் வெள்ளை வெளேரென்று பிளாஸ்டர் அச்சுகள் காய்ந்துகொண்டிருக்கும். அந்த அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, மண் ஓரமாகப் படிந்து சுவர்போல் நிற்கும். நடுவில் மீந்த கூழைத் திருப்பி ஊற்றிவிட்டால் உள்ளே கூடான பொம்மை தயார். ஈர ஸ்பாஞ்சால் அதன் ஓரங்களைத் துடைத்துச் சரிசெய்யும் அக்காக்களின் கைவேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மண்ணைத் தோண்டியபோது கூடவே வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது, இங்கே இந்தத் தொழில் வளர்ந்ததற்கு அது ஒரு காரணம். இதைப் படிக்கவென்றே ஒரு அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் ஊரில் இருக்கிறது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு மெயின் போர்டில் இருந்ததே வெள்ளை ஃப்யூஸ் கட்டை, கம்பி சுற்றி மாட்டுவோமே, அது இங்கே மலைமலையாகத் தயாரானது. இப்போது உங்கள் வீட்டில் இருப்பது எம்.சி.பி. சுவிட்ச். கம்பி சுற்றும் கட்டைக்கு வேலை குறைந்துவிட்டது. குஜராத்தின் மோர்பியோ நாட்டின் டைல்ஸில் பெரும்பகுதியைத் தானே சுட்டுத் தள்ளுகிறது. தாத்தா சூளையில் சரக்கு அடுக்கினார். சித்தப்பா ஷார்ஜாவில் யாரோ சுட்ட டைல்ஸை ஒட்டுகிறார். இடையில் ஒரு தலைமுறைதான்.

எங்கள் தெருவிலிருந்து மோர்பிக்குப் போனவர்களும் உண்டு. நேர் தூரம் சுமார் 1,500 கி.மீ.தான், துபாயில் பாதி. ஆனால் சென்னை போய், அங்கிருந்து அகமதாபாத் போய், மறுபடி வண்டி மாறினால் இரண்டு இரவு ரயிலில் கழிந்துவிடும். துபாய்க்காரர் முந்திக்கொள்வார். தூரமும் நேரமும் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாதவை என்று தோன்றும்.

அதைத் தாத்தா ஒருமுறை எனக்கு வேறு மாதிரி சொன்னார். டெஸ்க்கில் சேர்ந்த புதிதில், இப்படி ஒரு 'எவ்வளவு நேரம்' கட்டுரையை அவருக்குப் படித்துக்காட்டினேன். "சூளைக்கு எவ்ளோ நேரம்னு கேட்டா எரியிற நேரத்த மட்டும் சொல்வாங்களாடா?" என்றார். "அடுக்குற நேரம், எரியிற நேரம், ஆறுற நேரம். மூணும் சேந்ததுதான் சூளை. ஆறுறதுக்கு முன்ன கதவத் தொறந்தீன்னா, சரக்கு வெடிச்சுப்போயிடும்." பீங்கான் 1,200 டிகிரிக்கு மேல் வெந்த பொருள். அவசரப்பட்டுக் குளிர்ந்த காற்றை உள்ளே விட்டால் விரிசல் விடும். எரிக்கும் நேரத்தைவிட ஆறவிடும் நேரம்தான் பெரும்பாலும் அதிகம். என் முந்நூறு வார்த்தைக் கட்டுரையில் எரியும் நேரம் மட்டும்தான் இருந்தது.

உண்டியலில் ஒரு நூல்

சரி, அந்த 'எரியும் நேர'மாவது எப்படி வருகிறது? சித்தப்பா கிளம்பும் நாள் காலையில், தொழிற்பேட்டையில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவரின் ஷெட்டுக்குப் போனேன். பூசணிக்காய்போல உருண்டையான பீங்கான் உண்டியல் ஒன்றை எடுத்து, பென்சிலால் இரண்டு புள்ளி வைத்தேன். ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு நூலை இறுக்கிப் பிடித்தால், அது தானாகவே மிகக் குறுகிய வழியில் போய் நிற்கும். பூமி மேல் இரண்டு ஊர்களுக்கு இடையே 'விமான தூரம்' என்று இணையம் காட்டுவது இந்த நூலின் நீளத்தைத்தான். அதையே விரித்த காகித வரைபடத்தில் வரைந்தால் வளைந்து தெரியும். 'பிளேன் ஏன் சுத்திப் போகுது?' என்று நாம் கேட்பது அதனால்தான். அது சுற்றிப் போகவில்லை. நம் காகிதம்தான் தட்டை.

ஆனால் விமானமும் அந்த நூலின் மேலேயே போவதில்லை. வான்பாதைகள் இருக்கின்றன, மழை மேகத்தை ஒதுங்க வேண்டும், சில நாட்டு வான்வெளி மூடியிருக்கும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் நீண்ட சுற்றுப் போட வேண்டிவந்தது நினைவிருக்கும். நம் பக்கத்து துபாய் வழி கர்நாடகத்தின் மேலேறி, கொங்கன் கரையில் கடலைத் தொட்டு, ஓமன் மேல் போவதால் தப்பித்தது.

அப்புறம் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று, குளிர்காலத்தில் இன்னும் வேகமெடுக்கும். சென்னையிலிருந்து துபாய் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும் காற்று. அதனால்தான் போக நாலேகால், நாலரை மணி நேரமும், வர நாலு மணி நேரமும் ஆகிறது. லண்டன் மாதிரி 8,200 கி.மீ. தூரம் என்றால் இந்த வித்தியாசம் ஒரு மணி நேரத்தைத் தொடும். உலகிலேயே நீளமான பயணி விமானம் சிங்கப்பூர்–நியூயார்க். 15,300 கி.மீ.க்கு மேல், 18 மணி நேரத்துக்கும் மேல். அதில் காற்று என்ன செய்யும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. நிற்கும் இடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல், இறங்கி நிற்கும் இடத்தில் நிற்பது வரை எண்ணுவார்கள். ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம். 'அரை மணி லேட்டாக் கிளம்பி கரெக்ட் டைமுக்கு இறங்கிட்டான்' என்று சித்தப்பா வியப்பதன் ரகசியம், கொஞ்சம் நேரத்தை முன்கூட்டியே சேர்த்துவைப்பதுதான்.

குழப்பத்தில் பெரிய குழப்பம் கடிகாரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் இரண்டு பக்கமும் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். எங்களுக்கு இரண்டும் ஒரே தூரம், பறக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் அதிகாலை 4.10-க்குக் கிளம்பி 7.00-க்கு துபாய் என்றால், மூன்று மணி நேரம்கூட இல்லைபோலத் தெரியும். இரவு 11.30-க்குக் கிளம்பி 6.15-க்கு சிங்கப்பூர் என்றால் ஆறே முக்கால் மணி நேரம்போலத் தெரியும். எதிர்வீட்டு அத்தை, "உங்களுக்கென்னப்பா, துபாய் பக்கம். எம்புள்ள எங்கியோ சிங்கப்பூர்ல கெடக்கறான்" என்று இத்தனை வருடம் சொல்லிவந்ததற்கு இதுதான் காரணமோ என்னவோ! அவர் மாமனார் காலத்துக் கதையைச் சொன்னால் அத்தை சமாதானமாகிவிடுவார். 1973 வரை ஓடிய ரஜுலா கப்பலில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போக ஒரு வாரம்போல ஆகும். சாவுச் செய்தி தந்தியில் வரும். வருவதைப் பற்றி யாரும் பேசவே மாட்டார்கள்.

படிப்பணமும் பன்னிரண்டாயிரம் பொன்னும்

தூரத்தைக் கணக்குப் போடுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. கடன் வாங்கி ஏமாற்றியவன், களவாடியவன், காணாமல்போன மகன் என்று எதற்கும் அங்கே பேப்பரில் பிராது எழுதிக் கட்டுவார்கள். அதற்குப் 'படிப்பணம்' உண்டு. ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி கட்டுவது வழக்கம். சாமிக்கும் பயணப்படி! சித்தப்பாவுக்கு முதல் வேலையில் சில மாதம் சம்பளம் வராதபோது ஆயா அங்கே போனாராம். "ஊரு?" என்று கேட்டதும், "துபாயிங்க" என்றிருக்கிறார். அது எத்தனை கிலோமீட்டர் என்று அங்கே வரிசையில் நின்ற ஒருவருக்கும் தெரியவில்லையாம். வீட்டில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்போம். இப்போது கேட்டிருந்தால் பட்டென்று 2,950 என்று சொல்லியிருப்பேன்.

பழமலைநாதர் கோயிலுக்கு வந்தால் இதைவிடப் பழைய கதை. திருமுதுகுன்றம் என்று தேவாரம் பாடிய தலம் இது. சுந்தரருக்கு இங்கே இறைவன் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார். கள்வர் பயத்தில், அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் சுந்தரர் என்கிறது புராணம். இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 90 கி.மீ.

ஆற்றங்கரையில் நின்று இந்தக் கதையை யோசித்தபோது எனக்கு சித்தப்பாதான் நினைவுக்கு வந்தார். சம்பள நாளில் அங்கே போனில் அழுத்துகிறார், அடுத்த சில நிமிடங்களில் சித்தியின் போனில் மெசேஜ் வருகிறது. பொன் இப்போதும் அப்படித்தான் வருகிறது. சுந்தரர் மட்டும் அன்றைக்குத் திருவாரூருக்குத் தரை வழியே போக வேண்டியிருந்தது.

தரை வழிதான் எங்கள் பிரச்னையும். விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து விழுப்புரம், திருச்சி, கடலூர், சேலம் என்று நாலு பக்கமும் தண்டவாளம் போகிறது. வானத்துக்குத்தான் வழியில்லை. நெய்வேலியில் ஓர் ஓடுதளம் இருக்கிறது. உடான் திட்டத்தில் அதன் பெயர் வந்தபோது ஊரே பேசியது. நான் இதை எழுதும்வரை அங்கிருந்து பயணிகள் விமானம் கிளம்பவில்லை. ஆக, எங்களுக்கு இரண்டு வழி. திருச்சி சுமார் 125 கி.மீ., ரயிலில் இரண்டு மணி நேரம். 2024-ல் திறந்த புது முனையம் அழகாகவே இருக்கிறது. சென்னை 210 கி.மீ.க்கு மேல், ரயிலில் மூன்றரை மணி நேரம். கண்ணை மூடிக்கொண்டு திருச்சி என்று சொல்லத் தோன்றும். ஆனால் சென்னையிலிருந்து விமானங்கள் அதிகம். அவசரம் என்று வரும்போது அடுத்த விமானம் எங்கிருந்து என்பதுதான் கேள்வியே தவிர, எது பக்கம் என்பதல்ல. நிதானமாகப் போகிறவர்கள் இரண்டு ஊர் டிக்கெட்டையும் வைத்து, வீட்டு வாசலிலிருந்து மொத்த நேரத்தையும் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு என் ஒரே ஒரு வேண்டுகோள், பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கட்டும்.

சாயங்காலம் 5 மணிக்கு சித்தப்பா கிளம்பினார். பெட்டியைத் தூக்கும்போது சித்தி உள்ளே போய்விட்டார், எப்போதும் அப்படித்தான். சித்தப்பா தாத்தாவின் காலைத் தொட்டு எழுந்தார். தாத்தா அவரிடம் ஒன்றும் சொல்லாமல், என்னைப் பார்த்தார்.

"சொல்லேன்டா. எத்தன மணிக்குப் போய்ச் சேருவான்?"

மத்தியானமே பேப்பரில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தாம்பரத்தில் இறங்கி மீனம்பாக்கம் போக இரவு பதினொன்று. விமானம் அதிகாலை 4.10. துபாயில் இறங்க நம்ம நேரம் எட்டரை. பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம், காலை நெரிசலில் ஷார்ஜா ரூமுக்கு இன்னொரு மணி நேரம்.

"நாளைக்குக் காலையில பத்தரைக்கு ரூமுக்குப் போயிடுவாரு தாத்தா. மொத்தம் பதினேழரை மணி நேரம்."

தாத்தா தலையாட்டினார். மறுநாள் எட்டரைக்கு, "எறங்கிட்டேன்" என்று மெசேஜ் வந்தது. அதைப் படித்துக்காட்டினேன். அவர் கட்டிலை விட்டு எழுந்து காபிக்குக்கூடப் போகவில்லை, சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பத்தரை ஆனது. பத்தே முக்கால் ஆனது. "என்னடா?" என்றார்.

11.10-க்கு போன் அடித்தது. "ரூமுக்கு வந்துட்டேம்பா. வழியில வண்டி ஜாம்."

தாத்தா போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "நாப்பது நிமிஷம் தப்பு" என்று சொல்லிக் காபி குடிக்க எழுந்து போனார்.